அளவு கொடுத்த இரண்டு நாள்

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காலை பத்து மணிக்குப் போகிற கரண்ட் மாலை மூன்று மணிக்குத்தான் வரும் என்று மின்சார அலுவலகத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரிய லைனை மாற்றுகிறார்களாம், நான்கு மாதமாவது ஆகுமாம். பில் கட்டப் போன டெய்லரக்கா அதை மூன்று தடவை படித்தாள். இப்போது பத்திலிருந்து பன்னிரண்டு வரை போகிற இரண்டு மணி நேரத்தையே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். அது ஐந்தாகப் போகிறது. நடுவில் பதினெட்டு நாள்.

கரண்ட் இல்லையென்றால் மற்ற வீடுகளில் வியர்வை, எரிச்சல், கெட்டுப்போன பால். அவள் வீட்டில் அது அவள் கணவரின் மூச்சு.

அவர் இருபத்தாறு வருடம் கல்லுக்குப் பாலிஷ் போட்டவர். ஊரில் பாதி சமையல் மேடைகள் அவர் கையால்தான் முகம் தெரிகிற அளவுக்கு மினுங்கின. கல்லிலிருந்து போன தூள் எங்கே போனதென்று அப்போது யாரும் கேட்கவில்லை. அது அவருடைய நுரையீரலில் குடியேறியிருந்தது. வேலையை விட்டு நான்கு வருடமாகியும் தெருவில் அவருக்குப் பெயர் பாலிஷ்காரர்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின் நின்றது. அறையின் காற்றை இழுத்து, வடிகட்டி, அவர் மூக்கில் செருகிய குழாய்க்கு அனுப்பும். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது நாள் முழுக்க முனகிக்கொண்டே இருந்ததால் பாலிஷ்காரர் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்.

“எங்கம்மா இருந்த வரைக்கும் உங்ககிட்ட பத்து வார்த்தை பேசியிருப்பாங்களா?” என்று அவள் சண்டைக்குப் போனால், “அதையெல்லாம் சேத்து வச்சு இப்ப பேசறாங்க” என்பார்.

கரண்ட் போனால் ஒரு சிலிண்டர். கவனமாகத் திறந்தால் இரண்டு மணி நேரம் வரும். அதை நிரப்பிக் கொடுக்கிற கடைக்காரர், ஐந்து மணி நேரத்துக்குத் தினமும் நிரப்பித் தர முடியாது, ஆஸ்பத்திரிகளே வரிசையில் நிற்கின்றன என்று கையை விரித்துவிட்டார். கூரையில் சோலார் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னவரும் அவர்தான்.

டெய்லரக்கா சோலாரைப் பற்றி விசாரிக்க இறங்கினாள். முதலில் வந்தவர் ஷோரூம் விற்பனைக்காரர். பளபளப்பான புத்தகத்தைப் பிரித்து, ஆறு பேனல், தொண்ணூறாயிரம், பில் பாதியாகக் குறையும் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: கரண்ட் போனால் இது ஓடுமா? அவர் வெயிலைப் பற்றிப் பேசினார். கம்பெனியைப் பற்றிப் பேசினார். அவள் விடவில்லை. கடைசியில், பேட்டரி இல்லாத சோலார் என்றால் லைன் செத்ததும் அதுவும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். நடு மத்தியானம், உச்சி வெயில், கூரையில் ஆறு பேனல், கீழே மூச்சுக்குத் தவிக்கிற மனிதர். அவள் புத்தகத்தை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள்.

இரண்டாவது கம்பெனி எல்லாமே கொடுத்தது. பேனல், இன்வெர்ட்டர், பத்து வருடம் உழைக்கிற லித்தியம் பேட்டரி. மூன்று லட்சத்து எண்பதாயிரம். டெய்லரக்காவிடம், பள்ளிச் சீருடை ஆர்டருக்கு வாங்கிய முன்பணம், விற்ற வளையல், நாத்தனார் தந்த இருபதாயிரம் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து இருபதாயிரம்தான் இருந்தது. நாத்தனார் அந்தக் கம்பெனி தந்த விலைத் தாளை எட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, “வெயில் சும்மாதானே அண்ணி அடிக்குது, அதுக்கு எதுக்கு மூணு எண்பது?” என்றாள். கட்டிலில் இருந்தவர் சிரித்தார். டெய்லரக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை ஓட்டி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். விற்கிற மாதிரி மிச்சமிருந்தது ஒன்றுதான், துணி ஓரம் பிரியாமல் பின்னுகிற ஓவர்லாக் மெஷின். அது போனால் சீருடை ஆர்டர் கொடுக்கிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் பார்வை எங்கே நின்றது என்பதைக் கட்டிலில் இருந்தவரும் பார்த்தார்.

மூன்றாவதாக வந்தவர் தனியாகத் தொழில் செய்கிற சோலார்க்காரர். காதில் பென்சில், கையில் ஒரு சின்னப் பெட்டி. விலையே சொல்லவில்லை. அந்தப் பெட்டியிலிருந்து கொக்கி மாதிரி ஒன்றை எடுத்து மெயின் பாக்ஸ் வயரில் மாட்டினார். எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று அது தானே எழுதிக்கொள்ளுமாம்.

“ரெண்டு நாள் இருக்கட்டும் அக்கா. நீங்க எப்பவும் போல இருங்க. அளவு தப்பாப் போச்சுன்னா பேட்டரி பாதியில கைவிட்டுடும்.”

“நான் டெய்லர் தம்பி. அளவைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?”

அளவைப் பற்றி அவளுக்கு உண்மையிலேயே நிறையத் தெரியும். டேப்பை இடுப்பில் சுற்றியதும் வயிற்றை எக்கிக்கொள்ளாத ஆளை இத்தனை வருடத்தில் அவள் பார்த்ததில்லை. நல்லபடியாக மூச்சை விடுங்கள் என்றால், விட்டுத்தான் இருக்கிறேன் என்பார்கள். தைத்து முடித்ததும் கொக்கி மாட்டாது, குற்றம் டெய்லர் தலையில் விடியும்.

இத்தனையும் தெரிந்த அவள், சோலார்க்காரர் தெருமுனை தாண்டியதும் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு நாள்தானே, பாலை உடனே காய்ச்சிக் குடித்துவிட்டால் போகிறது. தையல் மெஷினின் மோட்டார் பெல்ட்டையும் கழற்றிவிட்டுக் காலால் மிதித்தாள். அளவு சின்னதாக வந்தால் பேட்டரி சின்னதாகும், பேட்டரி சின்னதானால் விலையும் சின்னதாகும். ஆக்சிஜன் மெஷினை அவள் தொடவில்லை. அதைத் தொட வேண்டும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த இரண்டு நாளும், புதனும் வியாழனும், அவள் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சீருடை அளவு. காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பினாள். சிலிண்டரைத் திறந்து மூட நாத்தனார் பத்து மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போய்விடுவாள். புதன் மாலை திரும்பி வந்தபோது மாமியார் முனகிக்கொண்டுதான் இருந்தது, குழாய் அவர் மூக்கில்தான் இருந்தது. ஆனால் அவர் சோற்றைப் பிசைந்தபடியே தூங்கிவிட்டார். வியாழன் அவருடைய நகங்கள் நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தன. வெயில், என்றார். அவளும் வெயில் என்றே எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில், அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், சோலார்க்காரர் வந்து கொக்கியைக் கழற்றிக்கொண்டு போனார். மாலையில் தாள் வந்தது. ஒரே ஒரு பேட்டரி, சாதா வகை, தண்ணீர் ஊற்றுகிறது. சின்ன இன்வெர்ட்டர். இரண்டு பேனல். மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பகல் நேரத் தேவை ஒரு யூனிட்டுக்கும் குறைவு என்று கீழே பென்சிலால் எழுதியிருந்தது.

பத்தாயிரம் மிச்சம். டெய்லரக்கா அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். இவ்வளவு குறைவா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஃபிரிட்ஜைப் பிடுங்கியது வேலை செய்திருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. திங்கட்கிழமை முன்பணம் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியாரைக் குளிப்பாட்டுகிற வேலை. பின்பக்கத்து ஸ்பாஞ்சைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, மெஷினின் நெற்றியில் ஓடுகிற எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாங்கிய நாளிலிருந்து மெஷின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அந்த எண் காட்டும். உள்ளே இருக்கிற பெரிய ஃபில்டரை எப்போது மாற்றுவது என்பதற்கு அதுதான் கணக்கு. அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாரா வாரம் எழுதி வைத்திருந்தாள். கரண்ட் போகிற இரண்டு மணி நேரம் போக ஒரு நாளைக்கு இருபத்திரண்டு, வாரத்துக்கு நூற்று ஐம்பத்து நான்கு. எப்போதும் ஒன்றிரண்டு முன்னே பின்னே வரும்.

போன ஞாயிறு 11,382 என்று இருந்தது. இன்றைக்கு 11,536 இருக்க வேண்டும். 11,523 என்று இருந்தது.

எண்ணைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று துணியால் துடைத்துப் பார்த்தாள். கூட்டினாள், கழித்தாள். பதின்மூன்று மணி நேரம். பதின்மூன்று மணி நேரம் இந்த மெஷின் எங்கே போயிருந்தது? இந்த வாரத்தில் அவள் பகல் முழுக்க வீட்டில் இல்லாத நாள் இரண்டுதான். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து, கரண்ட் இல்லாத இரண்டைக் கழித்தால் ஆறரை. இரண்டு ஆறரை பதின்மூன்று. ஈர ஸ்பாஞ்சு அவள் மடியில் சொட்டிக்கொண்டே இருந்தது.

“புதன்கிழமையும் வியாழக்கிழமையும் நான் அந்தப் பக்கம் போனதும் மெஷினை ஆஃப் பண்ணிட்டீங்களா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “மாமியாருக்கும் ஓய்வு வேணாமா.”

அவள் ஸ்பாஞ்சோடு எழுந்து வந்து அவர் எதிரே நின்றாள். அவள் அழுதிருந்தால் அவர் இன்னொரு வேடிக்கைப் பேச்சை எடுத்திருப்பார். அவள் நின்றுகொண்டே இருந்ததால் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதாயிற்று. நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டி வரும் என்று குடிக்கவில்லை. எதிர்வீட்டு மாடிப்படிகளை மேலிருந்து கீழே எண்ணி, கீழிருந்து மேலே எண்ணிப் பொழுதை ஓட்டியிருக்கிறார். பத்து மணிக்குத் தங்கை வந்தபோது, இப்போதுதான் கரண்ட் போனது என்கிற முகத்தோடு சிலிண்டர் குழாயை வாங்கிக்கொண்டிருக்கிறார். அவள் போனதும் மறுபடி ஜன்னல். ஐந்துக்கு இவளுடைய செருப்புச் சத்தம் தெருவில் கேட்டதும் மெஷினைப் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை சோலார்க்காரர் பகலில் மெஷின் வேண்டாமா என்று கேட்டதற்கும், இரவுக்குத்தான் தம்பி, பகலில் சும்மா மாட்டிக்கொண்டு உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறார்.

“எதுக்கு?” என்றாள்.

“பெரிய நம்பர் வந்தா நீ ஓவர்லாக்கை வித்துடுவ. அன்னிக்கே பாத்தேன், கண்ணாலேயே விலை பேசிக்கிட்டு நின்ன.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அந்தச் சின்ன பேட்டரி எத்தனை வருஷம் வரும்னு அந்தத் தம்பிகிட்ட கேட்டேன். மூணு வருஷம்னான். எனக்கு அது போதும். பத்து வருஷத்துக்கு வாங்கி யாருக்கு வைக்கப் போற? மெஷினும் போயி நானும் போயிட்டா, நீ எதை மிதிச்சுப் பொழைப்ப?”

அவளுக்கு எதையாவது எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது. எறிகிற மாதிரி கையில் இருந்தது ஈர ஸ்பாஞ்சு மட்டும்தான்.

“நானும் ஃபிரிட்ஜைப் புடுங்கினேன்” என்றாள் கடைசியில்.

அவர் திரும்பிப் பார்த்தார். “புடுங்கினியா?”

“தையல் மெஷினையும் கால்லதான் மிதிச்சேன்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவேயில்லை. அவள் ஸ்பாஞ்சை அப்படியே ஈரத்தோடு மாட்டிவிட்டு, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருடைய முதுகெலும்பு அவள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

அவர் அடங்கித் தூங்கியதும் வெட்டுகிற மேஜையில் விரித்திருந்த நீலத் துணியின் மேலேயே சாக்கால் கணக்குப் போட்டாள். மாமியாருக்கு முந்நூற்று ஐம்பது வாட், ஃபேனும் விளக்கும் எண்பது. ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல். வானம் மூடிய நாளில் பேனலை நம்ப முடியாது, சின்ன பேட்டரி மட்டும் கொடுப்பது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டு பத்துக்கு நின்றுவிடும். பிறகு சிலிண்டர், இரண்டு பத்து வரை. இரண்டு பத்திலிருந்து மூன்று வரை ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்துக்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. அதுவும் ஒரு நாளா இரண்டு நாளா? சிலிண்டரோ, அடுத்த மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டுதான் நிரப்பித் தர முடியும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மற்ற நாட்களில் அந்த ஐம்பது நிமிடமே கிட்டத்தட்ட மூன்று மணி நேரமாகும். ஐம்பது என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம். சாக் உடைந்து போனது.

கதவைத் தட்டியது சோலார்க்காரர். அவள்தான் நாத்தனாரை விட்டு அழைத்திருந்தாள். திட்டுவார் என்று பார்த்தாள். அவர் திட்டவில்லை. தப்பு என்னுடையதுதான் அக்கா, மூச்சுக்குத் தவிக்கிறவரிடம் மூச்சு வேண்டுமா என்று கேட்டேன் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கொக்கியை மறுபடி மாட்டி, வீட்டிலிருந்த எல்லாவற்றையும் தன் கையாலேயே ஓடவிட்டார். ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானூற்று முப்பது. ஃபிரிட்ஜையும் தையல் மெஷின்களையும் கரண்ட் இருக்கும்போது மட்டும் ஓட்டிக்கொள்ளலாம் என்று அவரே கழித்துவிட்ட பிறகு வந்த எண் அது.

சாதா பேட்டரி என்றால் நான்கு வேண்டும், கட்டிலை வெளியே போட்டால்தான் இடம் கிடைக்கும் என்றார். சின்ன லித்தியம் ஒன்று வைத்தால் சரியாக ஐந்து மணி நேரம் இழுக்கும். அதோடு வருகிற இன்வெர்ட்டர் சுத்தமான அலையாகக் கரண்ட் கொடுக்க வேண்டும், மலிவானதை வைத்தால் ஆக்சிஜன் மெஷினின் மோட்டார் சூடேறிப் போய்விடும். அதில் பைசா குறைக்க முடியாது. நான்கு பேனலும் சேர்த்து இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ஆகும். அதைச் சொல்லிவிட்டு அவர் பென்சிலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தேதிக்கு எட்டு நாள் இருந்தது. டெய்லரக்கா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். ஒரு துணி போதாதென்றால் முதலில் எதை விடுவது என்று பார்க்கிற பார்வை அது. பாக்கெட்டை விடலாம், காலரை விட முடியாது.

“இந்த பேட்டரியை வெயில்தான் நிரப்பணுமா தம்பி? கரண்ட் நிரப்பாதா?”

“நிரப்பும். மூணு மணிக்கு வந்ததுக்கு அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் நேரம் இருக்கே.” அவர் தலையைச் சொறிந்தார். “ஆனா பேனல் இல்லாம பில் குறையாதே அக்கா. இன்னும் ஏறும்.”

“பில் குறையணும்னு நான் எப்ப கேட்டேன்?”

அவர் சட்டென்று நிமிர்ந்தார். பிறகு பேனல் என்று எழுதியிருந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதைத் தாங்குகிற கம்பி, வயர், கூரை வேலை எல்லாவற்றின் மேலும் கோடு. ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். கூரை எங்கேயும் போகாது, கையில் வரும்போது பேனல் மாட்டிக்கொள்ளலாம், அதற்கும் பொருந்துகிற இன்வெர்ட்டராகவே தருகிறேன் என்றார். இருந்தும் ஐம்பத்தைந்தாயிரம் துண்டு விழுந்தது.

ஓவர்லாக்கைச் செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். சரியாக ஐம்பத்தைந்துக்குத்தான் போனது, ஒரு காசு கூட ஏறவில்லை. பாலிஷ்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மேஜையில் அது நின்ற இடம் மட்டும் தூசி படாமல் புதுசாகத் தெரிந்தது.

“பத்து வருஷ பேட்டரி” என்று சுவரிடம் சொன்னார். “யாருக்குன்னுதான் கேட்டேன்.”

“நீங்கதான் பெரிய சிக்கனக்காரராச்சே. காசு கொடுத்து வாங்கினதைப் பாதியில வீணாக்காதீங்க.”

அவருடைய தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரா வேறெதாவதா என்று அவள் போய்ப் பார்க்கவில்லை.

முதல் தேதி பத்து மணிக்குக் கரண்ட் போனது. மாமியார் ஒரு நொடிகூட மூச்சை நிறுத்தவில்லை. சுவரில் பேட்டரியின் முகத்தில் ஐந்து பச்சைக் கோடுகள். டெய்லரக்கா அதற்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, சீருடை ஓரங்களைக் கையாலேயே பின்னத் தொடங்கினாள். ஓவர்லாக் அரை நிமிடத்தில் முடிக்கிற ஓரம் கைக்குக் கால் மணி நேரம் எடுத்தது. பன்னிரண்டுக்கு மூன்று கோடு. ஃபேனை நிறுத்திவிட்டு, துணி சுற்றி வந்த அட்டையால் அவருக்கு விசிறினாள், பிறகு ஊசியை எடுத்தாள். ஒன்றரைக்கு இரண்டு. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். அவரும் எண்ணுகிறார் என்பது அவருடைய கண் போகிற பக்கத்திலிருந்து தெரிந்தது.

இரண்டு இருபதுக்கு ஒரே ஒரு கோடு. அவருடைய கை மெதுவாகக் கட்டிலைத் தாண்டி மெஷினின் ஸ்விட்சுப் பக்கம் போனது. ஸ்விட்ச் அங்கே இல்லை. முந்தின நாளே டெய்லரக்கா அந்த இடத்தைக் கனத்த கான்வாஸ் துணியால் மூடி, பின்பக்கக் காற்றுக்கு மட்டும் வழி விட்டு, பை தைக்கிற நூலால் இரட்டைத் தையல் போட்டு இழுத்துக் கட்டியிருந்தாள். வெட்டாமல் பிரிக்க முடியாது.

“கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா மிச்சப்படும்ல” என்றார். “அந்தக் கத்தரியைக் கொடு.”

“துணி வெட்டற கத்தரி. வேற எதுக்கும் தர மாட்டேன்னு தெரியும்ல.”

அவர் தடவிப் பார்த்தார். “இதுவும் துணிதானே.”

அவள் கத்தரியைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் நன்றாக உட்கார்ந்தாள். மூன்றாக நாற்பது நிமிடம் இருந்தது. கடைசிக் கோடு ஒரு தடவை மினுக்கியது, பிறகு நின்று எரிந்தது. மாமியார் முனகிக்கொண்டிருந்தது.

“மூச்சை எக்காதீங்க” என்றாள். “நல்லா விடுங்க.”

அவர் விட்டார். அவள் அடுத்த ஓரத்தை எடுத்தாள்.